போக்சோ வழக்கில் ஆதரவு நபராகப் பணிபுரிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலியல் குற்றத்துக்கு ஆளான 18 வயதுக்குட்பட்ட குழந்தையோடு, புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும் நாள்வரை கூடவே நிற்பவர்தான் ஆதரவு நபர். நீதிமன்ற வட்டாரத்தில் 'சப்போர்ட் பர்சன்' என்றே சொல்வார்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) அதன்கீழ் வந்த 2020 விதிகளும் இந்தப் பொறுப்பை உருவாக்கியிருக்கின்றன. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஆதரவு நபர் வக்கீலா, மனநல ஆலோசகரா?

இரண்டும் இல்லை. வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். குடும்பம் விரும்பினால் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி தனி வழக்கறிஞரும் வைத்துக்கொள்ளலாம். வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். மனநல சிகிச்சை அதற்குப் பயிற்சி பெற்றவரின் வேலை. உங்கள் வேலை, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே புரியும்படி சொல்வது, நடக்கும்போது உடனிருப்பது, குழந்தைக்கு என்ன வேண்டும், எதற்குப் பயம் என்பதைக் காவல்துறைக்கும் மருத்துவருக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுசேர்ப்பது.

சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் ஒரு வழக்கில் குழந்தைக்கு நேரும் இரண்டாவது காயம் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நடக்கும் காரியங்களால்தான் வருகிறது. எங்கே அழைத்துப்போகிறார்கள் என்று தெரியாமல் ஜீப்பில் ஏற்றுவார்கள். யாரென்றே தெரியாத டாக்டர் உடையைக் கழற்றச் சொல்வார். வராண்டாவில் திரும்பினால் எதிரில் அந்த ஆள் நிற்பான்.

யார் ஆகலாம்? ஊதியம் உண்டா?

குழந்தை உரிமை, குழந்தைப் பாதுகாப்புத் துறையில் இயங்கும் தனிநபரோ நிறுவனமோ ஆகலாம்; குழந்தையைப் பராமரிக்கும் இல்லத்தின் அலுவலரோ, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பணிபுரிகிறவரோகூட ஆகலாம். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குழந்தை வளர்ச்சி இவற்றில் முதுகலைப் பட்டம், அல்லது பட்டப்படிப்புடன் இந்தத் துறையில் மூன்றாண்டு அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஆதரவு நபர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்புக் கல்வியாளர்கள் ஆகியோரின் பதிவேட்டை அவர்கள்தான் பராமரிக்கிறார்கள்.

ஊதியம் உண்டு. குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி திறன்பெற்ற தொழிலாளிக்கு உரிய தொகைக்குக் குறையக் கூடாது என்று விதி சொல்கிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற ஊதியம் வேண்டும் என்று சொன்னது. ஆதரவு நபர் பெறும் உரிமை இருக்கிறது என்பதை எல்லா வழக்கிலும் பெற்றோருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. பணம் கையில் வந்து சேரத் தாமதமாகலாம். ஒவ்வொரு பயணத்தின் தேதி, இடம், நேரத்தையும் அன்றன்றே எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் பட்டியல் தணிக்கையில் நிற்காது.

நியமனம் எப்படி வருகிறது?

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்கும் (பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பு), போக்சோ வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தை, பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் ஆகியோரின் சம்மதத்தோடு குழு உங்களை நியமிக்கும். அந்த நியமனத்தைக் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் சிறப்பு நீதிமன்றத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

தவறிப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிதான். ஆறு மாதம் கழித்து நீதிமன்ற வாசலில் நிற்கும்போது, 'உங்க பேரு கட்டுல (வழக்குக் கோப்பில்) இல்லையே' என்பார்கள். நியமன ஆணையில் மூன்று நகல் எடுத்து, ஒன்றை நிலையத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றை அரசு வழக்கறிஞர் மூலம் நீதிமன்றக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும்.

குழந்தைக்கோ பெற்றோருக்கோ உங்களைப் பிடிக்கவில்லை என்றால் குழுவிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். குழந்தை காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் நாளே இதைக் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் சந்திப்பில் என்ன பேசுவது? நடந்ததைக் கேட்க வேண்டாமா?

கேட்கவே கூடாது. இது பலருக்கு உறுத்தும். கேட்டால்தானே உதவ முடியும் என்று தோன்றும். ஆனால் குழந்தை ஏற்கெனவே அம்மாவிடம், ஆசிரியரிடம், காவலரிடம் சொல்லியிருக்கும். இனி மருத்துவரிடமும் நீதித்துறை நடுவரிடமும் நீதிமன்றத்திலும் சொல்லப்போகிறது. நீங்களும் கேட்டால் அது இன்னொரு முறை. அதைவிட முக்கியம், நீங்கள் கேட்ட கேள்வியின் சாயல் குழந்தையின் பதிலில் ஒட்டிக்கொள்ளும். குறுக்கு விசாரணையில் 'இந்த வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தது?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது, குழந்தை உங்கள் பெயரைச் சொன்னால் மொத்த சாட்சியமும் ஆட்டம் காணும்.

குழந்தை தானாகச் சொன்னால் தடுக்காதீர்கள். கேளுங்கள், இடையில் கேள்வி போடாதீர்கள். புதிதாக ஏதாவது வந்தால் (இன்னொரு ஆள், இன்னொரு இடம்) குழந்தை சொன்ன அதே சொற்களில், தேதி நேரத்தோடு எழுதி, புலன்விசாரணை அதிகாரிக்குத் தெரிவியுங்கள். 'அங்க தொட்டான்' என்று சொன்னால் 'அங்க தொட்டான்' என்றே எழுத வேண்டும். அதை மருத்துவச் சொல்லாக மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

அதனால்தான் ரகசியம் பற்றிய பேச்சை ஆரம்பத்திலேயே முடித்துவிட வேண்டும். 'நீ சொல்றத யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. 'நீ சொல்றத ஊர்ல யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா உன்னை யாராவது இன்னும் கஷ்டப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா, தடுக்கிறவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்' என்பது உண்மையான பேச்சு. சட்டத்தின் 19ஆவது பிரிவு, குற்றம் பற்றித் தெரிந்த எவரும் புகாரளித்தே ஆகவேண்டும் என்கிறது. அது உங்களுக்கும் பொருந்தும்.

பிறகு எதைப் பேசுவது? சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம். யார் வீட்டுக்கு வந்தால் பயமாக இருக்கிறது, யாரைப் பார்த்தால் தைரியம் வருகிறது. அடுத்த ஒரு வாரத்தில் என்னென்ன நடக்கும். முதல் சந்திப்புக்கு அரை மணி நேரம் போதும். சீருடைக்காரர் யாரும் கூட வரவேண்டாம். தெருவில் அரசு வாகனத்தை நிறுத்தவும் வேண்டாம். அக்கம்பக்கத்துக்கு அதுவே விஷயத்தைச் சொல்லிவிடும்.

காவல்துறை வாக்குமூலத்தின்போது எதைக் கவனிக்க வேண்டும்?

24ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் பதிய வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி பதிய வேண்டும். சீருடையில் இருக்கக் கூடாது. எந்த நேரத்திலும் குற்றம் சாட்டப்பட்டவரின் பார்வையில் குழந்தை படக் கூடாது. எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

நடைமுறையில் 'ஒரு கையெழுத்துதான், ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போயிடுங்க' என்று போன் வரும். சண்டை பிடிக்காமல், 'மேடம், 24ஆவது பிரிவுப்படி வீட்டுலயே பதிஞ்சிடலாமே, எத்தனை மணிக்கு வர்றீங்க?' என்று நேரத்தை மட்டும் கேளுங்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் வந்துவிடுவார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அதை வாங்காமல் அந்த நாளை முடிக்காதீர்கள். வயதுச் சான்றும் அன்றே தேவைப்படும்: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இவை எதுவும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

மருத்துவமனையில்?

நேரம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடை அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். உடலிலிருந்து எடுக்கும் தடயங்கள் பொதுவாக 96 மணி நேரம்வரைதான் பயன்படும். அதற்குப் பிறகு தெரியவந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சிகிச்சைக்குக் காலக்கெடு கிடையாது.

முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை என்றாலும் பரிசோதனை செய்யலாம் என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. அவசர சிகிச்சைக்குக் காவல்துறைக் கடிதமோ வேறு தாளோ கேட்கக் கூடாது என்பது விதி. தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும்.

சம்மதத்தைத் தனித்தனியாக வாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். சிகிச்சை வேண்டும், ஆனால் தடயப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லலாம். பரிசோதனைக்கு மறுத்தால் சிகிச்சையும் கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. 12 வயதைத் தாண்டிய குழந்தையிடம் நேரடியாகவே சம்மதம் கேட்க வேண்டும். 'இரு விரல் சோதனை' (பிறப்புறுப்பில் விரலை நுழைத்துப் பார்ப்பது) செய்யக் கூடாது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் கண்டித்து, செய்பவர் ஒழுங்கீன நடவடிக்கைக்கு உள்ளாவார் என்று தீர்ப்பளித்தது.

சம்பவத்தன்று போட்டிருந்த துணியைத் துவைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் தனித்தனியாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். தடயம் அதோடு போச்சு. மாற்றுடை ஒன்று எடுத்துப்போகச் சொல்லுங்கள். போட்டிருந்த உடையை வாங்கிக்கொண்டபின் போர்வையைச் சுற்றிக்கொண்டு குழந்தை வீடு திரும்பும்படி ஆகிவிடக் கூடாது. குளித்துவிட்டது, துணியைத் துவைத்தாகிவிட்டது என்றால் அம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள். எந்தத் தாயும் முதலில் செய்வது அதைத்தான்.

கர்ப்பம் உறுதியானால்?

முடிவெடுக்கும் கால அளவை அன்றே குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பின், 20 வாரம்வரை ஒரு மருத்துவரும், 20இலிருந்து 24 வாரம்வரை இரு மருத்துவர்களும் முடிவு செய்து கலைக்கலாம். 18 வயதுக்குட்பட்டவருக்குக் காப்பாளரின் எழுத்துச் சம்மதம் தேவை. 24 வாரத்தைத் தாண்டினால் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். அன்றே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், ஒவ்வொரு நாளும் கணக்கு.

கலைப்புக்கு முந்தைய நாளே புலன்விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கருத்திசுவை மரபணுச் சோதனைக்காக முறைப்படி சேகரித்து முத்திரையிட அவர்கள் ஆள் அனுப்ப வேண்டும். இந்தத் தகவல் போகாவிட்டால் முக்கியமான தடயம் மருத்துவக் கழிவோடு போய்விடும்.

குற்றம் செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்?

காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து இல்லத்தில் வைக்க வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாளுக்குள் முடிவு செய்யும். குழந்தையின் விருப்பமும் அதில் கணக்கில் வர வேண்டும்.

இங்கே எங்கள் நிலைப்பாட்டைத் திறந்தே சொல்கிறோம்: வெளியேற வேண்டியது அந்த ஆள். குழந்தையை இல்லத்துக்கு அனுப்பினால் அதன் பள்ளி, தோழிகள், தங்கை எல்லாமே ஒரே நாளில் போய்விடும். 'சொன்னது என் தப்பு' என்று அது முடிவுகட்டிவிடும். பாட்டி, சித்தி, மாமா வீடு ஏதாவது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்து, அவர்களையே குழு முன் கூட்டிப்போங்கள். ஆனால் தாயே குழந்தையை நம்பவில்லை, வாக்குமூலத்தை மாற்றச் சொல்லி அடிக்கிறார் என்றால் இல்லம்தான் அப்போதைக்கு வழி. அந்த நிலையிலும், எத்தனை நாள், யார் வந்து பார்ப்பார்கள், பள்ளிக்கு எப்படிப் போவது என்பதற்கெல்லாம் குழந்தைக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

'164 வாக்குமூலம்' என்கிறார்களே, அது என்ன?

நீதித்துறை நடுவர் முன் குழந்தை தரும் வாக்குமூலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164ஆவது பிரிவில் இருந்ததால் இந்தப் பெயர். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 183ஆவது பிரிவு. ஆனாலும் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் எல்லோர் வாயிலும் இன்னும் '164'தான். குழந்தை சொன்னது சொன்னபடி எழுதப்படும். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் அங்கே இருக்க முடியாது. முந்தைய நாள் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை: 'ஒரு ஜட்ஜம்மா இருப்பாங்க, நீ சொல்றத எழுதிப்பாங்க, புரியலன்னா புரியலன்னு சொல்லலாம்.' அவ்வளவு போதும். காலையில் சாப்பிடாமல் கூட்டிவராதீர்கள்.

இரண்டு பேரும் காதலித்தவர்கள், பெண்ணுக்கு 17 என்றால்?

சட்டப்படி 18க்குக் கீழ் சம்மதம் செல்லாது. ஆகவே வழக்கு வரும். இத்தகைய வழக்குகளில் அவசரமாகக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். அந்தப் பெண் உங்களை எதிரியாகத்தான் பார்ப்பாள். பெற்றோர் பக்கத்து ஆள் என்று நினைப்பாள். அவளைத் திருத்துவது உங்கள் வேலையில் சேராது. அவளை வீட்டில் அடிக்கிறார்களா, படிப்பை நிறுத்திவிட்டார்களா, அவசரக் கல்யாணம் பேசுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். கல்யாணப் பேச்சு வந்தால் உடனே 1098 (குழந்தைகள் உதவி எண்).

வழக்கு இழுக்கும் மாதங்களில் என்ன வேலை இருக்கிறது?

சமரசப் பேச்சு நுழைவது இந்த மாதங்களில்தான். புலன்விசாரணை இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும், குழந்தையின் சாட்சியம் நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளுக்குள் பதியப்பட வேண்டும், விசாரணை ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. வாய்தா மேல் வாய்தா போகும்போது ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். 'பொண்ணு வாழ்க்கையப் பாருங்க' என்பார்கள்; பணம் பேசுவார்கள். சாட்சி பிறழ்வதன் வேர் பெரும்பாலும் நீதிமன்றத்தில் இல்லை, வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

மாதம் ஒருமுறையாவது நேரில் போங்கள். யார் வந்தார், என்ன சொன்னார் என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மிரட்டல் என்றால் எழுத்துப் புகார், ஜாமீன் நிபந்தனை மீறப்பட்டால் அரசு வழக்கறிஞர் மூலம் ஜாமீனை ரத்து செய்ய மனு. ஆபத்து பெரிது என்றால், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். வறுமைதான் சமரசத்துக்குத் தள்ளுகிறது என்றால் 'சிறப்பு நிவாரணம்' கேளுங்கள்: உணவு, உடை, பயணச் செலவுக்காகக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். இது இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

சாட்சி சொல்லும் நாளுக்கு எப்படித் தயார் செய்வது?

ஒரு வாரம் முன்பே, நீதிமன்றம் காலியாக இருக்கும் நேரத்தில் குழந்தையைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நீதிபதி எங்கே, நீ எங்கே, கழிப்பறை எங்கே, எந்த வாசலில் நுழைவோம். குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக 'அவன் அங்க இருப்பானாக்கா?' என்பதுதான். 36ஆவது பிரிவின்படி சாட்சி சொல்லும்போது குழந்தை அவனைப் பார்க்கும்படி இருக்கக் கூடாது. திரை, ஒருவழிக் கண்ணாடி, காணொலி ஏதாவது ஒன்று வேண்டும். அதில் எது இங்கே இருக்கிறது என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபிறகே பதில் சொல்லுங்கள். திரை பழுதாகி மூலையில் கிடப்பதை அன்று காலையில் கண்டுபிடிப்பது மிகத் தாமதம்.

கேள்வி பதில்களை ஒத்திகை பார்க்கக் கூடாது. சொல்லிக்கொடுக்க வேண்டியவை மூன்றே சொற்கள்: 'புரியல', 'தெரியாது', 'ஞாபகம் இல்ல'. மூன்றும் நல்ல பதில்கள் என்று குழந்தை நம்ப வேண்டும். வக்கீல் நேரடியாகக் கேட்க முடியாது, கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் வரும் என்று 33ஆவது பிரிவு சொல்கிறது. அடிக்கடி இடைவேளை, நாகரிகமற்ற கேள்விகளுக்குத் தடை, திரும்பத் திரும்ப வரவழைக்காமை எல்லாம் அதே பிரிவில் உண்டு. இவற்றைக் கேட்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர். முந்தைய நாளே அவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குழந்தைக்கு இடைவேளை வேண்டுமென்றால் என்ன செய்யும் (தண்ணீர் பாட்டிலைத் தொடுவது போல ஒன்று) என்பதையும் அதில் எழுதுங்கள். உள்ளே நீங்கள் தலையசைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. பார்வையால் உதவினால்கூட ஆட்சேபம் வரும். குழந்தைக்கும் இதைச் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் 'அக்கா கோவமா இருக்காங்க' என்று நினைத்துக்கொள்ளும்.

குழந்தையின் வழக்கை முதலில் அழைக்கும்படி கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்கள் வராண்டாவில் நிற்பார்கள். அழைக்கும்வரை வேறு அறையில் இருங்கள். சாப்பாடு, தண்ணீர், வரைய ஒரு நோட்டு எடுத்துப்போங்கள். அன்று விசாரணை நடக்காமலே போகலாம் என்பதையும் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் சாட்சிக்கு உரிய படித்தொகையை அன்றே கேட்டு வாங்குங்கள்.

இழப்பீடு தீர்ப்புக்குப் பிறகுதானா?

இல்லை. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்த நிலையிலும் இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், விடுதலையானாலும்கூட இழப்பீடு தரலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும்.

சிக்குவது வங்கிக் கணக்கில். குழந்தையின் கணக்கில் காப்பாளராக அப்பா பெயர் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவரும் அவராகவே இருப்பார். மனுப் போடும் முன்பே அம்மா அல்லது வேறு காப்பாளர் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கி, ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் பெயரெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தொகையின் பெரும்பகுதியை 18 வயதுவரை வைப்புநிதியில் போட உத்தரவிடலாம். படிப்புக்கோ சிகிச்சைக்கோ அவசரம் என்றால் முன்கூட்டி எடுக்க மனுச் செய்ய வழியுண்டு.

குழந்தைகள் நலக் குழுவுக்குத் தரும் மாத அறிக்கையில் என்ன எழுதுவது?

சந்தித்த தேதிகள், வழக்கு எந்த நிலையில், அடுத்த வாய்தா எப்போது, உடல்நலம், பள்ளி, பாதுகாப்பு, நிவாரணமும் இழப்பீடும் எங்கே நிற்கின்றன. சம்பவ விவரமும், யார் குற்றவாளி என்ற உங்கள் கருத்தும் அதில் வரக் கூடாது. குழந்தையின் பெயருக்குப் பதில் குறியெண் போடுங்கள். வாட்ஸாப்பில் முதல் தகவல் அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போக ஒரு நிமிடம் ஆகாது. ஊடகங்களில் அடையாளத்தை வெளியிடுவது 23ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெயரைச் சொல்லாமல் பள்ளி, தெரு, அப்பாவின் தொழிலைச் சொன்னாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

தீர்ப்பு வந்ததும் வேலை முடிந்ததா?

தீர்ப்பை யார் எப்படிக் குழந்தைக்குச் சொல்வது என்பதைப் பெற்றோரோடு முன்பே பேசிவையுங்கள். விடுதலை என்றால், 'நீ பொய் சொன்னேன்னு ஜட்ஜ் சொல்லல. சட்டத்துக்கு வேண்டிய அளவு ஆதாரம் போதல' என்று அன்றே சொல்லியாக வேண்டும். ஊர் வேறு மாதிரி சொல்வதற்குள். தீர்ப்பின் நகலுக்கு விண்ணப்பியுங்கள், மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு என்று குடும்பத்துக்குச் சொல்லுங்கள், நிலுவையிலிருக்கும் இழப்பீட்டு மனுவின் எண்ணைக் கையில் எழுதிக் கொடுங்கள். உங்கள் குறிப்பேடுகளைக் கட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். மேல்முறையீடு முடியும்வரை கிழிக்க வேண்டாம். கடைசிச் சந்திப்பு இதுதான் என்பதைக் குழந்தைக்கு அதற்கு முந்தைய சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.